எல்லாருக்கும் ஒரே விலை என்பது சமத்துவமா?



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பணம் தொடர்பான கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் உள்ள கணக்குகள் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டன. ஆகவே, 2025 செப்டம்பர் 30ஆம் நாள் நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்த ரோன் 95 பெட்ரோல் மானியத்தையே கரும்பலகையில் கணக்காக எழுதினேன். தொடக்கத்தில் மானியமில்லா விலை லிட்டருக்கு 2 வெள்ளி 60 சென். மைகார்டும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமகனுக்கு 1 வெள்ளி 99 சென். அப்போது ஆளுக்கு மாதம் 300 லிட்டர் வரை. வேறுபாடு 61 சென்.

மூன்று வீடுகளை வைத்தேன். முதல் வீட்டில் கணவரும் மனைவியும் ஆளுக்கொரு பெரிய கார் ஓட்டுகிறார்கள். இருவரும் 300 லிட்டரையும் முழுதாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு தாய். அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள். மாதம் 25 லிட்டர். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டியும் பேத்தியும். வண்டியும் இல்லை, உரிமமும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் மாதந்தோறும் தருவது எவ்வளவு?

பிள்ளைகள் விரைவாகவே விடை கண்டார்கள். 366 வெள்ளி. 15 வெள்ளி 25 சென். சுழியம்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பாட்டி வீட்டுக்கு மட்டும் ஏன் ஒன்னுமே இல்ல?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசைப் பையன், "அவங்கதான் பெட்ரோலே போடலையே, அப்புறம் எதுக்குக் காசு?" என்று மடக்கினான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மணி அடித்துவிட்டது. நான் அன்று விடை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு வளர்ந்தவர்களாகிய நாம் சொல்லிவரும் விடை பொய்யானது என்பதே இக்கட்டுரையின் வழக்கு. சிலருக்குச் சினம் வரலாம், பொறுத்தருள்க.

நம்மவர் கூடும் இடங்களில் எல்லாம், திருமண மண்டபமானாலும் உணவுக்கடையானாலும், ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது. "நானும் குடிமகன், அவனும் குடிமகன், ஒரே விலை கொடு, அதுதான் சமத்துவம்." கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை ஒன்றாக இருப்பதாலேயே கிடைப்பதும் ஒன்றாகிவிடுமா? மேலே கண்ட மூன்று வீடுகளுக்கும் விலை ஒன்றுதான். கொடுக்கப்பட்டதோ 366, 15, சுழியம். எவன் மிகுதியாக எரிக்கிறானோ அவனுக்கு மிகுதியாகக் கொடுப்பதைச் சமத்துவம் என்று அழைத்தால், அதிகமாகத் தின்பவனுக்கு அதிகமாகப் பரிமாறுவதையும் பந்தி நீதி என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பிள்ளைகளிடம் நான் கொடுக்கவில்லை, மனம் வரவில்லை. 2023ஆம் ஆண்டு முதல் பெற்றோரின் வருமானம் பார்க்காமல் மாணவர் ஒவ்வொருவருக்கும் பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி வழங்கப்பட்டு வந்தது நீங்கள் அறிந்ததே. வரிசையில் நின்று கையொப்பமிட்டு வாங்கியிருப்பீர்கள். அது ஆண்டுக்கு ஒருமுறை. தம் பங்கை முழுதாக எரிக்கும் ஓர் ஓட்டுநருக்கோ ஒரே மாதத்தில் 183 வெள்ளி! பெரும்பாலோர் 300 லிட்டரைத் தொடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாதம் 100 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 732 வெள்ளி ஆகிறது. ஒரு பிள்ளையின் கல்விக்கு ஒதுக்கிய அந்தத் தொகையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரு நாட்டின் முன்னுரிமை எதுவென்று அறிய அமைச்சர்களின் உரைகளைக் கேட்க வேண்டியதில்லை. இந்த இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பார்த்தாலே போதும்.

ஏன் இப்படி ஆயிற்று? பெட்ரோல் போடுபவருக்கு வாக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு வாக்கு இல்லை. வாக்குரிமை வயது 18 ஆனதே 2019இல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த அரசமைப்புத் திருத்தத்தால்தான். அதற்குக் கீழே உள்ளவர்கள் மக்களாட்சியின் கணக்கேட்டில் வரவு வைக்கப்படுவதில்லை. ஆனால் செலவு மட்டும் அவர்கள் பெயரில் எழுதப்படுகிறது. கூட்டரசு அரசாங்கத்தின் கடன் 2024இல் 1.2 டிரில்லியன் வெள்ளியைக் கடந்தது. அதைத் திருப்பிக் கட்டப்போவது நானா? எனக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகளில் ஓய்வு வந்துவிடும். கட்டப்போவது என் முன்னே சப்பாத்து வாரைக் கட்டத் தெரியாமல் நிற்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளை.

பிறரைக் குறை சொல்லுமுன் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2008 ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை ஒரே நாளில் 1 வெள்ளி 92 சென்னிலிருந்து 2 வெள்ளி 70 சென்னாக ஏறியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முந்தைய இரவு எண்ணெய் நிலையத்தில் நின்ற நீண்ட வரிசையில் என் கன்சில் காரும் நின்றது. அரசாங்கத்தை நான் ஏசியதைப் போல் அங்கு வேறெவரும் ஏசவில்லை. பின்னர் 2000 சிசிக்கு மேற்படாத காருக்கு 625 வெள்ளியும் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு 150 வெள்ளியும் ஈட்டுத்தொகையாகத் தந்தார்கள். அஞ்சலகத்தில் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினேன். வண்டியே இல்லாதவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை. பேருந்துக் கட்டணமும் கடைச் சரக்கின் விலையும் அவருக்கும்தான் ஏறியிருந்தன.

அன்று முதல் இன்று வரை நடந்ததைச் சுருக்கமாகப் பாருங்கள். 2014 டிசம்பரில் மானியத்தை நீக்கினார்கள். 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி வந்தது. 2018 மே மாதம் ஆட்சி மாறியதும் மூன்றே வாரத்தில் அது சுழியம் ஆனது, பெட்ரோலுக்கும் மீண்டும் மானியம் வந்தது. 2021 பிப்ரவரியில் லிட்டருக்கு 2 வெள்ளி 5 சென் என்று கட்டிப்போட்டார்கள். நான்கரை ஆண்டுக்கு மேல் அந்த விலை அசையவில்லை. 2024 அக்டோபரில் வரவு செலவுத் திட்டத்தில், மேல்தட்டு 15 விழுக்காட்டினருக்கு மானியம் இல்லை என்றார்கள். அந்தப் பதினைந்து விழுக்காட்டில் தாமும் வந்துவிடுவோமோ என்று நாடே பதறியது. மறு ஆண்டு அந்தக் கோடு சத்தமில்லாமல் அழிக்கப்பட்டு, குடிமக்கள் எல்லாருக்கும் 1 வெள்ளி 99 சென் ஆனது. வெளிநாட்டவருக்கும் கடத்தல்காரருக்கும் போய்க்கொண்டிருந்த மானியம் இதனால் தடுக்கப்பட்டது நல்லதே, அதை மறுக்கவில்லை. ஆயினும் கோடீசுவரரும் அதே விலைக்குத்தான் போடுகிறார். எந்தக் கட்சி ஆண்டாலும் நாட்காட்டியில் தேர்தல் நாளைப் பார்த்துத்தான் எண்ணெய் விலை எழுதப்படுகிறது. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. வரிசையில் நின்று ஏசியவர்கள் நாம்.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறிய அந்த ஆண்டில் பெட்ரோனாஸ் நிறுவனம் அரசாங்கத்துக்கு 50 பில்லியன் வெள்ளி ஆதாயப் பங்கு தந்தது. அதே ஆண்டில் எரிபொருள் மானியத்துக்கு ஏறத்தாழ அதே 50 பில்லியன் செலவாயிற்று. கடலுக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த செல்வத்தை எடுத்தோம், விற்றோம், அந்தக் காசைக்கொண்டு மேலும் எண்ணெய் எரித்தோம். ஒரு பள்ளிக்கூடமோ ஒரு மருத்துவமனையோ அந்த ஐம்பது பில்லியனில் எழவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் முன்னோர். நாம் அளந்துதான் போட்டோம், லிட்டர் கணக்கில்!

இந்த இடத்தில், நிலைத்தன்மை பேசும் அறிஞர்கள் என் தோளில் கைபோட வரக்கூடும். "பார்த்தீர்களா, மானியத்தை வெட்டுங்கள் என்றுதானே நாங்களும் சொல்கிறோம்" என்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு.

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாயிற்று. சபாவிலும் சரவாக்கிலும் பழைய விலையே நீடித்தது. பொருளாதாரப் பக்கங்களில் பாராட்டுகள் குவிந்தன. துணிச்சலான சீர்திருத்தம் என்றார்கள். பள்ளிப் பேருந்து உள்ளிட்ட பொதுப் போக்குவரத்துக்கு மலிவு விலை அட்டை இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் அண்ணனின் பழைய டீசல் வேன், அவருடைய தம்பி பெயரில் இருந்தது. உரிய அனுமதியும் இல்லை. அட்டைக்கு விண்ணப்பித்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரியாகவே இருக்கலாம்.

அடுத்த மாதம் அவர் என்னிடம் வந்து, "சார், எனக்கும் ஆசை இல்ல, எண்ணெய்க்கே கட்டுப்படியாகல" என்று தலையைச் சொறிந்தார். பிள்ளைக்கு 80 வெள்ளியாக இருந்த கட்டணம் 100 ஆனது. எங்கள் பள்ளியில் அக்காள் தங்கை இருவர் படிக்கிறார்கள். தாத்தா காலத்தில் தோட்டத்தில் இருந்த குடும்பம். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவர்கள். தாய் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாதம் 40 வெள்ளி கூடுதல் என்றதும் வேனை நிறுத்திவிட்டார். இரவு வேலை முடிந்து வந்து, தூங்காத கண்களோடு, மோட்டார் சைக்கிளில் இருவரையும் ஏற்றிவருவார். மழை பெய்தால் வரமாட்டார்கள். அந்த ஆண்டு இறுதி மழைக்காலத்தில் அவர்களின் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை மிகுந்துவிட்டது. வராததற்குக் காரணம் எழுதும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் "மழை" என்றுதான் எழுதினேன். "டீசல்" என்று எழுதியிருக்க வேண்டும்.

நாட்டின் நிதிநிலையைக் காப்பாற்றிய அந்தத் துணிச்சலான சீர்திருத்தத்துக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் இரண்டு சிறுமிகள். வருங்காலத் தலைமுறைக்காகச் சேமிக்கிறோம் என்று சொல்லி, அந்தத் தலைமுறையைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்வதற்கு நிலைத்தன்மை என்று பெயரா? மானியத்தை வெட்டுவது எளிது. வெட்டுமுன் பேருந்து விட்டிருக்க வேண்டாமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதம் 50 வெள்ளிக்குச் சலுகை அட்டை இருக்கிறது, ரயில் இருக்கிறது. எங்கள் ஊரில் காலை ஆறரை மணிக்கு என்ன இருக்கிறது? நாய்களும் நாங்களும்தான்.

இருந்தும், மலிவு எண்ணெய் தொடரட்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பேருந்து ஏன் இல்லை? ஏறுவார் இல்லை என்பதால். ஏன் ஏறுவார் இல்லை? கார் ஓட்டுவது மலிவு என்பதால். 2023இல் இந்நாட்டில் பதிவுபெற்ற வாகனங்களின் எண்ணிக்கை மக்கள் தொகையையே மிஞ்சியிருந்தது. ஆண்டுக்கணக்காக நாம் ஊற்றிய மானியம்தான் அந்தப் பேருந்தைக் கொன்றது. பேருந்து செத்ததால் மானியத்தை விட முடியவில்லை. மூன்றாவது வீட்டுப் பாட்டி இதனால் இரண்டு முறை தண்டிக்கப்படுகிறார். பெட்ரோல் காசும் இல்லை, ஏறிப்போகப் பேருந்தும் இல்லை. இதற்கிடையே வெயில் வேறு. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் கடும் வெப்பத்தால் பள்ளிகளை மூட நேர்ந்தது. 2023 மே மாதம் நாடு முழுவதும் பள்ளிகளில் திடல் நடவடிக்கைகளை நிறுத்தினார்கள். உடற்கல்விப் பாடத்தை மின்விசிறிக்குக் கீழே நடத்திய ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் நியாயமான மனிதர். அவர் ஒருநாள் என்னைக் கேட்டார்: "ஐயா, பணக்காரன் இவன், ஏழை இவன் என்று எங்கே கோடு போடுவீர்கள்? கோட்டுக்கு ஒரு வெள்ளி மேலே சம்பாதிப்பவன் என்ன பாவம் செய்தான்? வரி கட்டுவதும் அவன், மானியம் இழப்பதும் அவனா?" இக்கேள்வியை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்து, நான்கு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் காப்பாற்றும் குடும்பங்களை நான் அறிவேன். ஏட்டில் அவர்கள் மேல்தட்டு! 2024 ஜனவரியில் 'பாடு' தரவுத் தளத்தைத் திறந்து எல்லாரையும் பதியச் சொன்னதும் சரியான கோட்டைக் கண்டுபிடிக்கத்தான். கோட்டைக் கண்டுபிடித்தாலும் அதன்படி நடக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை என்பதை மேலே கண்டோம்.

கோடே போட வேண்டாம் என்கிறேன் நான். எண்ணெய்க்கு உரிய விலையை, ஆண்டுக்குச் சிறிது சிறிதாக, முன்கூட்டியே அறிவித்து ஏற்றுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பள்ளிப் பேருந்துக்கும் ஊர்ப் பேருந்துக்கும் முதலில் ஒதுக்குங்கள். மற்றொரு பங்கை லிட்டர் கணக்கில் கொடுக்காமல் தலைக்கு இவ்வளவு என்று கொடுங்கள். பிள்ளையையும் ஒரு தலையாக எண்ணுங்கள். கோடீசுவரருக்கும் போய்ச் சேருமே என்பீர்கள், சேரட்டும். அவருக்கும் என் மாணவிக்கும் ஒரே தொகை. லிட்டருக்குக் கொடுத்தால் அவருக்கு 183, அவளுக்குச் சுழியம் அல்லவா?

இது கனவன்று. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டு வழியாக 100 வெள்ளி கொடுத்தார்கள். கோடு போடவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அதிலும் பிள்ளைகள் விடுபட்டுப் போனார்கள் என்பதுதான் என் மனக்குறை. (எஸ்.டி.ஆர். உதவித் தொகையில் பிள்ளைகளின் எண்ணிக்கை கணக்கில் எடுக்கப்படுகிறது. அது நல்ல தொடக்கம்.) அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1976இல் அரசமைப்பைத் திருத்தி எண்ணெய் வருமானத்துக்கென ஒரு நிதியம் தொடங்கினார்கள். 1982 முதல் அங்கு வாழ்வோருக்கு ஆண்டுதோறும் சமமான பங்குத்தொகை வழங்கப்படுகிறது. தொட்டில் குழந்தைக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு.

அலாஸ்காவிலும் குறை இல்லாமல் இல்லை. வாக்காளருக்குப் பங்குத்தொகை இனித்துவிட்டது. அதை உயர்த்துவேன் என்று சொல்லி 2018இல் வென்ற ஆளுநர், மறு ஆண்டே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கான நிதியைப் பெருமளவு வெட்ட முனைந்தார். எதிர்ப்பு எழுந்த பிறகே வெட்டைக் குறைத்துக்கொண்டார். சமமாகப் பங்கிடுவதும் ஒரு போதையாகலாம். ஆகவே பங்கிடுவதற்கு முன் அளவு கட்ட வேண்டும். நார்வே தன் எண்ணெய்ப் பணத்தை 1996 முதல் ஒரு நிதியத்தில் சேர்த்து வருகிறது. ஆண்டுக்கு அதன் மதிப்பில் சராசரியாக 3 விழுக்காட்டுக்கு மேல் எடுப்பதில்லை என்பது 2017 முதல் அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அங்கும் தேர்தல் நடக்கிறது, அங்கும் கட்சிகள் சண்டையிடுகின்றன. ஆயினும் பிறக்காத பிள்ளைக்கு ஓர் உண்டியல் இருக்கிறது.

நம்மிடமும் உண்டியல் உண்டு. குவான் எனப்படும் தேசிய அறக்கட்டளை நிதி, நார்வேக்கு முன்பே, 1988இல் சட்டமியற்றித் தொடங்கப்பட்டது. தீர்ந்துபோகும் வளங்களின் பயனை வருந்தலைமுறைக்குச் சேர்த்து வைப்பதே அதன் நோக்கம். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? நானே 2021இல்தான் கேள்விப்பட்டேன். தடுப்பூசி வாங்குவதற்காக அவசரகாலச் சட்டத்தின் வழி அந்த நிதியில் கைவைத்தபோதுதான் செய்தி வந்தது. தடுப்பூசி தேவைதான், குறை சொல்லவில்லை. உண்டியல் இருப்பதே அதை உடைக்கும் நாளில்தான் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

"இதையெல்லாம் பேச நீங்கள் யார்? தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தினால் போதாதா?" என்று ஓர் அன்பர் முன்னொருமுறை எனக்கு எழுதியிருந்தார். நம் பள்ளிகளில் அரசாங்க உதவிபெறும் பள்ளி, பகுதி உதவிபெறும் பள்ளி என்று இருவகை உண்டு. பகுதி உதவிபெறும் பள்ளியில் ஒழுகும் கூரையைச் சரிசெய்யப் பெற்றோரிடம் கையேந்தி நின்றவன் நான். ஒதுக்கீடு போதாது என்ற பதிலைப் பல முறை கேட்டவன். பணம் இல்லை என்று சொன்ன அதே நாட்டில் ஓராண்டில் 50 பில்லியன் வெள்ளி புகையாகப் போயிற்று என்று தெரிந்த பிறகு, பாடம் மட்டும் நடத்திக்கொண்டிருக்க எனக்கு இயலவில்லை.

என் கணக்கையும் எழுதிவிடுகிறேன். நான் மாதம் 140 லிட்டர் அளவில் போடுகிறேன். தொடக்க விலைப்படி எனக்குக் கிடைத்த மானியம் 85 வெள்ளி 40 சென். அந்தச் சகோதரிகள் இருவருக்கும் வேன் கட்டணத்தில் ஏறியது 40 வெள்ளி. எங்கள் ஆசிரியர் அறையில் கார் ஓட்டுவோர் பதினொருவர் இருக்கிறோம். பள்ளிக்கு வேன் நிதி ஒன்று தொடங்கலாம் என்று நான் சொன்னபோது ஐவர் தலையசைத்தார்கள். இருவர், இது அரசாங்கத்தின் வேலை, நம் வேலையன்று என்றார்கள். எஞ்சியவர்கள் தேர்வுத்தாள் திருத்துவதில் மூழ்கிவிட்டார்கள். அரசாங்கத்தின் வேலை என்று சொன்னவர்கள் சொன்னது சரி. அதை அரசாங்கத்திடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டேன். அதற்கு விடை வரவில்லை.

வரும் மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வேன் கட்டணம் நான்காவது பொருளாக வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பப் பள்ளிப் பேருந்து வேண்டி ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறேன். மலாய்மொழியில் திருத்தித் தர யாரேனும் முன்வந்தால் நன்று. பொருளாளர் என் கருத்தை எதிர்த்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். எதிர்ப்போரும் வரலாம். கூட்டம் மாலை நான்கு மணிக்கு. தேநீரும் வடையும் உண்டு.